அயனிச்சக்கை தேடி ஆறு நாள்

முதல் நாள்: வடசேரி

மதுரையில் ஒரு கல்லூரியில் இருபது ஆண்டுகளாகத் தாவரவியல் கற்பித்து வருகிறேன். ஆலும் அத்தியும் பலாவும் அடங்கிய குடும்பத்தைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், பலா, ஈரப்பலா, அயனி ஆகிய மூன்றையும் ஒரே பேரினத்தின் கீழ்க் கரும்பலகையில் எழுதி, உலர்த்தி அட்டையில் ஒட்டிய அயனி இலை ஒன்றை மாணவர்களிடையே சுற்றுக்கு விடுவேன். முதல் இரண்டையும் உண்டிருக்கிறேன். அயனியை உண்டதில்லை. விளவங்கோடு வட்டத்திலிருந்து வந்து படிக்கும் மாணவர் ஒருவர் இந்த ஆண்டு வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், நீங்க அயனிச்சக்கை தின்னிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எங்க பாட்டா விளையில மரம் நிக்குது சார். மே மாசக் கடைசியில வாங்க. எடவப்பாதி மழை பிடிச்சிட்டா ஒண்ணும் கிடைக்காது" என்றார். தென்மேற்குப் பருவமழைக்கு அங்கே அதுதான் பெயர். அந்த அழைப்பின் பேரில்தான் இந்தப் பயணம்.

இன்று விடியும்போது பேருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தது. அருமனைக்கு நாளை வருவதாகச் சொல்லியிருந்ததால், இன்றைய பகலை வடசேரி கனகமூலம் சந்தையில் கழித்தேன். குமரி மாவட்டத்தின் பழவளத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் இந்தச் சந்தைக்குத்தான் வர வேண்டும். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம், சிவப்புத் தோலுடைய செந்துளுவன், நேந்திரத்துக்கு இங்குள்ள பெயரான ஏத்தன், செங்கவருக்கை மாம்பழம், இரண்டாகப் பிளந்து ஈ மொய்க்காமல் இலை மூடி வைத்த சக்கை ஆகியவை வரிசையாக இருந்தன. இந்த மாவட்டத்தில் பலாப்பழத்துக்குச் சக்கை என்றே பெயர். அயனியின் பழமும் அந்தச் சொல்லையே வாங்கிக்கொண்டு அயனிச்சக்கை ஆகிறது.

அது மட்டும் சந்தையில் எங்கும் இல்லை. மாம்பழம் விற்றுக்கொண்டிருந்த வயதான பெண்மணியிடம் கேட்டபோது, அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அயனிச்சக்கையை ஆரு விலை குடுத்து வாங்குவா? மேக்க போனா சும்மா கிடைக்கும்" என்றார். அருகிலிருந்த இன்னொருவர், இருபது ஆண்டுகளுக்கு முன்பு கடைசியாகத் தின்றதாகவும் அந்த மரம் இப்போது தன் மைத்துனர் வீட்டு முன்வாசல் கதவாக இருப்பதாகவும் சொன்னார். சும்மா கிடைக்கும் என்று ஒருவரும் இருபது ஆண்டாகக் கிடைக்கவில்லை என்று இன்னொருவரும் ஒரே மூச்சில் சொன்னதை விடுதி அறைக்கு வந்த பின்பும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள்: அருமனை

தக்கலை, மார்த்தாண்டம் வழியாக அருமனை போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. மாணவர் சாலையில் காத்திருந்தார். அவருடைய பாட்டாவின், அதாவது தாத்தாவின், விளை எனப்படும் தோட்டநிலம், சாலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம் நடந்தால் வரும் சரிவில் இருக்கிறது. சரிவு முழுவதும் ரப்பர். ஒரே உயரம், ஒரே பருமன், ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் சாய்வாகக் கீறிய வெட்டு, அதன் கீழே பால் சொட்டும் சிரட்டை. ரப்பர் வரிசைகள் முடியும் மேட்டில், அவற்றின் தலைகளுக்கெல்லாம் மேலே இன்னொரு மடங்கு உயர்ந்து, ஒற்றை அயனி நின்றது.

அடிமரம் தூண் போல நேராக எழுகிறது. முதல் கிளை எங்கே பிரிகிறது என்று பார்க்கக் கழுத்தை முழுவதும் பின்னுக்குச் சாய்க்க வேண்டியிருந்தது. இருவர் கைகோத்தாலும் தண்டைச் சுற்றி எட்டவில்லை. அதில் பாதி உயரம் வரை நல்லமிளகுக் கொடி ஏறியிருந்தது. பலாமரத்தைப் பார்த்துப் பழகிய கண், பழத்தை அடிமரத்தில் தேடும். பலா தன் பாரமான காயைத் தண்டிலும் தடித்த கிளையிலும் தொங்க விடுவது. அயனியோ தன் சின்னஞ்சிறு சக்கையைக் கொம்புகளின் நுனியில், இலைக்கணுவில், வெயில் படும் உச்சியில் காய்க்கிறது. நூறடி உயரத்தில் பழம் பழுத்திருந்தால் அண்ணாந்து பார்ப்பவனுக்கு மஞ்சள் பொட்டுகளாகத்தான் தெரியும். பழுத்துத் தானாக விழுந்தால் தரையில் பட்டுச் சிதறிவிடும். ஆகவே ஆள் ஏற வேண்டும், கொம்போடு அறுக்க வேண்டும், கூடையில் கட்டிக் கயிற்றால் இறக்க வேண்டும். சந்தைக்கு ஏன் வரவில்லை என்பதற்கு மரத்தடியில் நின்ற ஐந்து நிமிடத்தில் பாதி விடை கிடைத்துவிட்டது.

பாட்டாவுக்கு எண்பது வயதிருக்கும். "வாருங்க சாறே, சாயா குடிச்சிட்டுப் பாப்போம்" என்று உள்ளே அழைத்தார். மரமேறுபவர் வரும் வரை திண்ணையில் அமர்ந்து அவர் பேசியதைக் கேட்டேன். அவருடைய இளமைக் காலத்தில் இந்தச் சரிவில் ரப்பர் இல்லை. மரச்சீனி என்கிற மரவள்ளியும் கொல்லா என்கிற முந்திரியும் கமுகும் மாவும் பலாவும் கலந்து நிற்க, எல்லைகளில் எல்லாம் அயனி நின்றிருக்கிறது. அவற்றை யாரும் நட்டதில்லை. "அயனி ஆரும் நட்டு வாறதில்ல சாறே. வவ்வாலு போடும், அணில் போடும், முளைச்சு வரும். வெட்டாம விட்டா மரமாவும்" என்றார். மாசி, பங்குனியில் மரத்தடியெங்கும் நீண்ட திரிகள் உதிர்ந்து கிடக்குமாம். அவை ஆண்பூக்களின் கதிர்கள். விரல் பருமனில் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கி, மகரந்தம் கொட்டியதும் விழுந்துவிடுவன. அவற்றை வெயிலில் உலர்த்தி, மாலையில் நுனியில் நெருப்பு வைத்துத் தொழுவத்தில் செருகிவிட்டால், ஊதுவத்தி போல நின்று புகைந்து கொசுவை விரட்டும் என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து போன ஆண்டுத் திரி ஒன்றை எடுத்துக் கொளுத்தியும் காட்டினார். நெடியில்லாத மெல்லிய புகை.

பன்னிரண்டு மணியளவில் மரமேறுபவர் வந்தார். தளைக்கயிறும் இடுப்பில் அரிவாளுமாக அவர் ஏறியதை நான் முழுவதும் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு கூடை இறங்கியது. அதில் இருபதுக்குக் குறையாத சக்கைகள் இருந்தன.

ஒன்றைக் கையில் எடுத்தேன். கிச்சிலி ஆரஞ்சின் அளவு, சற்று நீண்ட உருண்டை. பச்சை மறைந்து பொன்னிறம் ஏறியிருந்தது. மேலெல்லாம் முள். ஆனால் குத்தும் முள் இல்லை. காய்ந்த புல்லைத் தடவுவது போன்ற சொரசொரப்பு மட்டுமே. ஒவ்வொரு முள்ளும் ஒரு பெண்பூவின் நுனி. பலாவைப் போலவே இதுவும் ஒரு பூவிலிருந்து பிறந்த ஒரு பழம் அன்று. காம்பு ஒன்றில் நெருங்கி நின்ற ஒரு பெருங்கூட்டம் பூக்கள் ஒட்டி வளர்ந்து ஓருருவான கூட்டுப்பழம். மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகிறது, சேராத பூ சடையாகிறது. இதை எத்தனையோ முறை படம் வரைந்து விளக்கியிருக்கிறேன். பாட்டா கட்டைவிரலை முள்களுக்கிடையே அழுத்தி, ஆடையைக் கழற்றுவது போலத் தோலை ஒரே இழுப்பில் உரித்துவிட்டுக் கையில் தந்தபோது, நடுத்தண்டைச் சுற்றி நெருக்கமாக ஒட்டிய செம்மஞ்சள் முத்துச் சுளைகளைக் கண்டு, அந்தப் படம் எவ்வளவு வறியது என்று உணர்ந்தேன்.

சுளை ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. வாயிலிட்டால் சதை உடனே கரைகிறது. பலாவின் கனத்த இனிப்பும் மணமும் இதில் இல்லை. முதலில் மெல்லிய இனிப்பு, அடுத்து நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு, முடிவில் மாம்பழத்தை நினைவூட்டும் ஏதோ ஒன்று. சதை குறைவு, கொட்டைதான் மிகுதி. ஒரு சக்கையைத் தின்று முடித்ததும் இன்னொன்றுக்குக் கை போகிறது. நான் ஏழு தின்றேன். "கூடுதல் தின்னா வயிறு கேக்கும். அதுக்கு மருந்து அதுலேயே இருக்கு" என்று பாட்டா துப்பிய கொட்டைகளையெல்லாம் ஒரு முறத்தில் சேர்க்கச் சொன்னார்.

மாலையில் அந்தக் கொட்டைகளைக் கழுவி வெயிலில் ஈரம் போக உலர்த்தி, மண்சட்டியில் ஆற்றுமணல் போட்டுச் சூடேற்றி வறுத்துத் தந்தார்கள். மெல்லிய தோல் வெடித்து, உள்ளே நிலக்கடலைக்கும் பலாக்கொட்டைக்கும் இடைப்பட்ட சுவையோடு வெண்பருப்பு. நிலக்கடலை இவ்வளவு எளிதில் கிடைக்காத நாட்களில் மழைக்காலம் முழுவதற்கும் பானையில் சேர்த்துவைத்ததாக வீட்டுப் பெண்கள் கூறினார்கள். மரச்சீனியும் சாளைக்கறியுமாக உண்ட மதிய உணவைவிட இந்தக் கொட்டைதான் இன்று நெஞ்சில் நிற்கிறது.

புறப்படும் நேரத்தில் தடி வியாபாரி, அதாவது மரத்தை வெட்டுக்கு விலை பேசி வாங்குபவர், ஒருவர் வந்தார். என்னைக் கண்டு தயங்காமல், மார்பளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து, வாய்க்குள் கணக்கிட்டு ஒரு தொகையைச் சொன்னார். அந்தத் தொகை, பேத்தியின் திருமணச் செலவில் கணிசமான ஒரு பங்கு என்று மாணவர் பின்னர் என்னிடம் கூறினார். "பழம் தீரட்டு, பாப்போம்" என்று மட்டும் பாட்டா பதில் சொன்னார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கூடை நிறையப் பழம் தரும் மரம் அவருக்கு ஆண்டில் ஒரு ரூபாயும் தருவதில்லை, வீழ்ந்தால்தான் தருகிறது. அந்தக் கணக்கை அவர் முன் வைத்துக் குறை சொல்லும் உரிமை, ஒரு நாள் விருந்தாளியான எனக்கு இல்லை.

மூன்றாம் நாள்: பத்மநாபபுரம், புலியூர்க்குறிச்சி

இன்று மரத்தைவிட்டு அதன் பெயருக்கும் தடிக்கும் சென்றேன். பத்மநாபபுரம் அரண்மனையில் கூட்டம் அதிகம் என்பதால் விரைவாகவே வெளியே வந்துவிட்டேன். ஆணியும் கல்லும் குறைவாக, மரமே மிகுதியாக எழுந்த, தாய்க்கொட்டாரம் என்னும் அதன் பழைய பகுதியைப் பார்க்கும்போது ஒன்று விளங்கியது. இரண்டு பருவமழையும் பெய்யும் இந்தச் சீமையில் வீடு கட்டுவது என்றால் ஈரத்தையும் கரையானையும் தாங்கும் மரத்தைத் தேர்வதுதான் முதல் வேலை. தேக்கும் ஈட்டியும் அரண்மனைக்குப் போயின. குடியானவனின் வீட்டுக் கதவுக்கும் கழுக்கோலுக்கும் நெல்லறைக்கும் அயனியே போதுமானதாக இருந்தது. நிறத்தில் பொன்மஞ்சள், நாளாக நாளாகப் பழுப்பு, நேரான இழை, தச்சனின் உளிக்கு அடங்கும் மென்மை, அப்படியிருந்தும் நீரில் கெடாத உறுதி. ஏழைகளின் தேக்கு என்று இதைச் சொல்லலாம்.

அரண்மனையிலிருந்து அதிகத் தொலைவில்லாத புலியூர்க்குறிச்சியின் உதயகிரிக் கோட்டையில், 1741இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் பிடிபட்டு, பின்னர் அவருடைய படைத்தலைவராகவே உயர்ந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை இருக்கிறது. அவர் இறந்தது 1777இல். கோட்டைக்குள் இப்போது பல்லுயிர்ப் பூங்கா. மர நிழலில் அமர்ந்தபோது, அவருக்கு முந்திய நூற்றாண்டில் டச்சு மலபாரை ஆண்ட இன்னொரு டச்சுக்காரர் நினைவுக்கு வந்தார். வான் ரீட் என்ற அந்த ஆளுநர், இங்குள்ள வைத்தியர்களின் அறிவைத் திரட்டி, ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற பெயரில் செடிகொடிகளின் படங்களைத் தொகுத்தார். அவை 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை, கடைசித் தொகுதிகள் அவர் இறந்த பின், ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. அதன் மூன்றாம் தொகுதியில் நம் அயனி, ஆஞ்ஞிலி என்ற மலையாளப் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1789இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க் அதற்கு ஆர்ட்டோகார்ப்பஸ் ஹிர்சூட்டஸ் என்று அறிவியல் பெயரிட்டார். முதற்பகுதி, கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன் சென்ற ஃபாஸ்டர்கள், தந்தையும் மகனும், பசிபிக் தீவுகளின் ஈரப்பலாவைக் கண்டு கிரேக்கத்திலிருந்து ஆக்கிய சொல். ரொட்டிக்கனி என்று பொருள். பிற்பகுதிக்கு மயிரடர்ந்தது என்று பொருள். இளந்தளிரைத் தடவிப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கைக்கே தெரியும்.

கொங்கணத்திலிருந்து குமரி வரையுள்ள மேற்கு மலைத்தொடரின் ஈரமான சரிவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது காடாக வளர்ந்ததில்லை. பலாவோ உலகெங்கும் போய்விட்டது.

நான்காம் நாள்: குளச்சல்

வள்ளம் கட்டும் ஆசாரி ஒருவரைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். கரையில் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தவை எல்லாம் கண்ணாடியிழை வள்ளங்கள். நீலம், பச்சை, வெள்ளை என்று வண்ணம் மினுங்கின. ஆசாரியைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவர் வீடுகளுக்குக் கட்டில் செய்துகொண்டிருந்தார். அவர் தந்தை அயனிப் பலகையில் வள்ளம் கட்டியவர்.

பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, இரு ஓரங்களிலும் துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைத்து, இடைவெளியில் தும்பு அடைத்து, மேலே சாளை மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டைத் தோட்டின் அண்டி எண்ணெயும் பூசுவார்களாம். ஆணி கிடையாது. அலை கரையில் அடித்து மோதும்போது ஆணி வைத்த பலகை பிளக்கும். தைத்த பலகை சற்று நெகிழ்ந்து கொடுத்துத் தப்பிக்கும் என்று அவர் விளக்கினார். ஆண்டுக்கொருமுறை தையலைப் பிரித்துப் புதுக்கயிறு போட வேண்டும். கயிறு மாறும், அடைப்பு மாறும், பலகை மட்டும் தந்தை காலத்திலிருந்து மகன் காலம் வரை அதுவேதான். உப்புநீரில் மரத்தைக் குடைந்து தின்னும் புழு மற்ற மரங்களைத் தொலைத்துவிடும் இடத்தில் அயனி நின்றுபிடிக்கும் என்பது கடற்கரை முழுவதும் ஒப்புக்கொண்ட உண்மை.

அதன் பெருமை இந்தக் கரையோடு நின்றதன்று. கேரளத்தின் படகுப் பந்தயங்களில் ஓடும் நீண்ட சுண்டன் வள்ளங்கள் இந்த மரத்தில்தான் செதுக்கப்படுகின்றன. அரபு நாட்டுக் கப்பல் தச்சர்கள் நூற்றாண்டுகளாக மலபார்க் கரைக்கு வந்து மரம் வாங்கிச் சென்றார்கள். அந்தப் பழைய முறை உண்மையிலேயே கடல் கடக்குமா என்று பார்க்க விரும்பிய டிம் செவரின் என்ற கடலாய்வாளர், ஓமான் நாட்டில் சோகார் என்ற கப்பலைக் கட்டினார். பலகைகள் மலபார்ச் சீமையிலிருந்து சென்ற அயனி, தைத்தது தென்னங்கயிற்றால். 1980 நவம்பரில் ஓமானிலிருந்து புறப்பட்டு, 1981இல் அது சீனாவின் குவாங்சோ துறைமுகத்தை அடைந்தது. இதை ஆசாரியிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. தன் தந்தை கேட்டால் இதில் என்ன புதுமை என்று கேட்டிருப்பார் என்றார்.

கட்டிலுக்கு அவர் எடுத்துவைத்திருந்த பலகையைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் அயனிதான். கடலில் அதன் தேவை குறைந்த பின்னும் கரையில் குறையவில்லை. கட்டிலும் அலமாரியும் முன்கதவும் இன்னும் அதைக் கேட்கின்றன. நல்ல தடி என்று பெயரெடுத்த மரம் அதனாலேயே பழமரமாக நீண்ட நாள் வாழ முடிவதில்லை. மாவும் பலாவும் பழத்துக்காக நிற்க, அயனி மட்டும் தன் சுற்றளவு கூடும் நாளை நோக்கி நிற்கிறது.

ஐந்தாம் நாள்: கீரிப்பாறை, காளிகேசம்

தடிக்காரன்கோணத்தைத் தாண்டியதும் காற்று குளிர்ந்துவிடுகிறது. கீரிப்பாறை வரை சாலையின் இருபுறமும் மீண்டும் ரப்பர். 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இப்பகுதியில் மலையேறி நிற்கின்றன. சோதனைச் சாவடியில் அனுமதி பெற்று, வனத்துறையின் காவலர் ஒருவரோடு ஆற்றோரமாக நடந்தோம். 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மாவட்டத்தின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

விளையில் தனியே நின்ற அயனியைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குக் காட்டுக்குள் நிற்கும் அயனி வேறு மரம் போலத் தெரிந்தது. மற்ற மரங்களோடு போட்டியிட்டு மேலேறிய தண்டு, கிளையே இல்லாமல் கூரை வரை சென்று, அங்கே மட்டும் விரிந்திருந்தது. பழத்தைக் கண்ணால் காண முடியவில்லை. கீழே சிதறிய தோல்கள் மட்டும் கிடந்தன. சிலவற்றில் மலை அணிலின் பல் தடம் பதிந்திருந்தது. பகலில் அணிலும் குரங்கும், இரவில் வௌவாலும் மரநாயும் வரும் என்று காவலர் சொன்னார். கொட்டையைச் சில தின்றுவிடும்; சில தூக்கிச் செல்லும் வழியில் நழுவவிடும்; சில வயிற்றின் வழியாக வேறிடம் போய்ச் சேரும். அந்தக் கொட்டைக்கும் அவகாசம் குறைவு. நெல்லையும் பயறையும் போல உலர்த்திப் பானையில் வைத்து அடுத்த ஆண்டு விதைக்கும் வகை அன்று இது. ஈரம் போனால் உயிரும் போகும். பழுத்து விழுந்த சில வாரங்களுக்குள் நனைந்த மண்ணைத் தொட்டாக வேண்டும். கோடை முடிந்து தென்மேற்கு மழை தொடங்கும் இந்த நாட்களில் அயனி பழுப்பது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று நான் கற்றுக்கொண்டது வேறொன்று. மரத்திலிருந்து சற்றுத் தள்ளி, நிழலில், முழங்கால் உயரச் செடி ஒன்றைக் காவலர் சுட்டினார். அதன் இலை முழங்கையளவு நீளம். விரித்த கைவிரல்களைப் போல ஓரங்களில் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. ஈரப்பலா இலையின் சாயல். தண்டெல்லாம் செம்பழுப்பு மயிர். "இது என்ன சார், தெரியுதா?" என்றார். எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. "அயனிக்கன்னு" என்றார்.

அயனியின் இளஞ்செடி வெட்டுப்பட்ட இலைகளைத் தாங்கும், மரம் வளர வளர அந்த வெட்டு மறைந்து முழு இலையாகிவிடும் என்பதை நான் படித்ததுண்டு. ஆனால் இருபது ஆண்டுகளாக வகுப்பில் சுற்றுக்கு விட்ட அட்டையில் இருப்பது வளர்ந்த மரத்தின் முழு இலை. ஓர் அடி நீளமில்லாத, முட்டை வடிவான, மேலே பளபளக்கும் கரும்பச்சை இலை. என்னிடம் படித்தவர்களில் எவரும் இந்தக் கன்றை இன்னதென்று அறிந்திருக்க மாட்டார்கள். நூறடி மரத்தை எல்லாரும் அறிவார்கள். முழங்கால் உயரத்தில் அதற்கு வேறு முகம் இருப்பதால், அது களையென்றே எண்ணப்படுகிறது. பாட்டா சொன்ன "வெட்டாம விட்டா மரமாவும்" என்ற சொல்லின் முழு எடையும் அந்த இடத்தில் எனக்கு விளங்கியது.

காவலரிடம் அனுமதி கேட்டு, செடியைத் தொடாமல், இலையைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள்: மீண்டும் அருமனை

ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள். மாலைப் பேருந்துக்கு முன்பதிவு செய்திருந்தேன். காலையிலேயே மாணவருக்குத் தொலைபேசியில் பேசி, மறுபடியும் விளைக்கு வருவதாகச் சொன்னேன். இரவெல்லாம் தூறல். பாதை வழுக்கியது. ரப்பரில் இன்று பால் வெட்டவில்லை.

பாட்டாவிடம் படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே, "அயனிக்கன்னுல்லா? நம்ம விளையிலயும் நிக்கும். நாளைக்குக் காடு வெட்ட ஆளு வருது, எல்லாம் போவும்" என்றார். ரப்பர் வரிசைகளுக்கிடையே வளரும் புல்லையும் புதரையும் மழைக்கு முன் ஆண்டுதோறும் வெட்டிவிடுவது வழக்கம். முன்பு வெட்டுக்கத்தியோடு வருபவர்கள் ஊர்க்காரர்கள். எதை விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது தோளில் மாட்டிய இயந்திரத்தோடு வருபவர், கூலிக்குக் குறித்த நேரத்தில் முடித்துவிட்டுப் போக வேண்டியவர். முகத்தில் கண்ணாடியும் காதில் அடைப்பும் இருக்க, சுழலும் கத்திக்குக் கன்றும் புல்லும் ஒன்றுதான். இருபது ஆண்டுகளாக இந்தச் சரிவில் ஒரு புது அயனியும் எழாததற்குத் தடி வியாபாரி காரணம் இல்லை. அவர் வாங்குவது பழைய மரத்தை. புதியது வராமல் போவது இங்கே, தரைக்கு ஒரு முழம் மேலே நடக்கிறது.

"நாளைக்கு வெட்டப் போறவனுக்குச் சொன்னா மனசிலாவுமா பாட்டா?" என்று மாணவர் கேட்டார். "சொன்னா மறந்துருவான் மக்கா. கண்ணுல படணும்" என்றவர், உள்ளே போய்ப் பழைய வேட்டி ஒன்றை எடுத்து வந்தார். அதை இரண்டு விரல் அகலத்தில் நீளநீளமாகக் கிழித்தோம். மூவரும் மேட்டிலிருந்து கீழ் நோக்கி, தாய்மரத்தைச் சுற்றியும், பின்னர் வரிசை வரிசையாகவும் தேடினோம். முதல் கன்றைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கண் பழகிய பின் அடுத்தடுத்துத் தெரிந்தன. விரல் விரித்த இலை, மயிரடர்ந்த தண்டு, கிள்ளினால் வெள்ளைப் பால்.

மொத்தம் பதினொரு கன்றுகள். ரப்பரின் நிழலில் சிறியதாக இருக்கும்போது பிழைத்துக்கொள்ளும், தலை தூக்கும்போது வெயில் வேண்டும் என்பதால், வரிசைக்கு நடுவில் நின்ற நான்கைக் கைவிடலாம் என்று பாட்டா கணக்கிட்டார். எல்லையோரத்திலும் ஓடைக்கரையிலும் நின்ற ஏழின் பக்கத்தில் தென்னை மட்டையின் தண்டை ஊன்றி, ஒவ்வொன்றின் உச்சியிலும் வெள்ளைத் துணியைக் கட்டினோம். ஓடைக்கரையில் நின்ற கன்று அவர் இடுப்பளவு வளர்ந்திருந்தது. போன ஆண்டு வெட்டு எப்படியோ அதைத் தொடவில்லை. அதற்கு மட்டும் ஆடு எட்டாதபடி முள்கொப்பு வைத்துக் கட்டினார்.

பெரிய மரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புறப்படும்போது வறுத்த கொட்டை ஒரு பொட்டலமும், வகுப்பறைக்காக ஓர் இலையும் தந்தார். அதற்கு முன்பாகவே மாணவர் கன்றின் அடியிலை ஒன்றைப் பறித்து, செய்தித்தாளுக்கிடையே வைத்து, ஓரத்தில் இடம், நாள், உயரம் ஆகியவற்றை எழுதிவிட்டிருந்தார். இரண்டையும் ஒரே அட்டையில் ஒட்ட வேண்டும். மழை வலுத்துவிட்டதால், இலைகளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் பேருந்தில் ஏறினேன்.